கன்சோலின் விலை இறங்கும்போது வாங்குபவர் யார்?



வீடியோ கேம் கன்சோலைப் பற்றி ஒரு பொருளியல் சொற்பொழிவா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். விலை குறைந்தால் தேவை கூடும் என்று முதலாம் ஆண்டிலேயே படிக்கிறோம். அந்த விதியை உண்மையான சந்தையில் சோதித்துப் பார்ப்பது எளிதல்ல. அரிசி விலை இறங்கும்போது கூடவே மழை, பண்டிகை, கொள்முதல் என்று நூறு காரணங்கள் மாறுகின்றன. கன்சோல் அப்படியில்லை. ஒரே கருவி ஐந்தாறு ஆண்டுகள் பெரிதாக மாறாமல் விற்கப்படுகிறது. அதன் விலையை நிறுவனமே முடிவுசெய்து, தேதி குறித்து ஊரறிய அறிவிக்கிறது. ஜப்பானில் வாரந்தோறும், அமெரிக்காவில் மாதந்தோறும் விற்பனையை எண்ணிச் சொல்லும் ஆய்வு நிறுவனங்கள் உண்டு. விலை மாறிய நாளுக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதை நாம் நேராகப் பார்க்க முடிகிறது.

அப்படிப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கன்சோலை விரும்பியும் காசு போதாமல் நிற்பவர்களை விலைக்குறைப்பு வாங்கவைக்கிறது. அப்படி நிற்பவர்கள் இல்லாத கன்சோலுக்கு எத்தனை முறை விலையைக் குறைத்தாலும் பயன் இல்லை.

2011-ம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். நின்டெண்டோ நிறுவனம் அந்த ஆண்டு பிப்ரவரி 26 அன்று ஜப்பானில் 3டிஎஸ் என்ற கையடக்க கன்சோலை 25,000 யென் விலையில் வெளியிட்டது. கண்ணாடி அணியாமலே முப்பரிமாணக் காட்சி தெரியும் திரை அதன் பெருமை. ஒரு மாதம் கழித்து அமெரிக்காவில் 250 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. மார்ச் இறுதிக்குள் 40 லட்சம் விற்கும் என்று நிறுவனம் கணக்கிட்டிருந்தது; 36 லட்சம் விற்றது. பரவாயில்லை என்று சொல்லக்கூடிய தொடக்கம்தான். அடுத்து வந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் உலகம் முழுவதும் சேர்த்து விற்றது 7.1 லட்சம் மட்டுமே. ஆர்வத்தில் முதல் நாளே வாங்குகிறவர்கள் வாங்கி முடித்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வரவேண்டியவர்கள் வரவில்லை.

ஜூலை 28 அன்று நின்டெண்டோ ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஆகஸ்ட் 11 முதல் ஜப்பானில் விலை 15,000 யென். மறுநாள் முதல் அமெரிக்காவில் 170 டாலர். ஜப்பானில் ஒரேயடியாக 40 விழுக்காடு குறைப்பு, அதுவும் கருவி வெளியாகி ஆறு மாதம்கூட ஆகாத நிலையில். நின்டெண்டோவின் வரலாற்றில் இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு பெரிய குறைப்பு நடந்ததில்லை. தலைவர் சடோரு இவாடா தம் நிலையான ஊதியத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். மற்ற இயக்குநர்களின் ஊதியத்தில் 20 முதல் 30 விழுக்காடு வரை வெட்டு விழுந்தது. முழு விலை கொடுத்து முதலிலேயே வாங்கியவர்களுக்குப் பழைய கேம்கள் இருபதை இலவசமாகத் தந்தார்கள்: ஃபேமிகாம் காலத்தவை பத்து, கேம்பாய் அட்வான்ஸ் காலத்தவை பத்து.

இப்போது வார எண்ணிக்கையைக் கவனியுங்கள். விலை குறையப்போகிறது என்று தெரிந்த பிறகு, குறைப்புக்கு முந்தைய வாரத்தில் ஜப்பானில் விற்றது ஏறத்தாழ 4,000. நாடு முழுவதும் சேர்த்து அவ்வளவுதான். அடுத்த வாரம், ஆகஸ்ட் 11 முதலான நான்கு நாட்களின் பலத்தில், விற்பனை 2 லட்சத்தை நெருங்கியது. 4,000 எங்கே, 2 லட்சம் எங்கே! இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டு, விலையை 40 விழுக்காடு குறைத்தால் விற்பனை ஐம்பது மடங்கு கூடும் என்று தேவை நெகிழ்ச்சியைக் கணக்கிட்டுவிடலாம். அது பெரும்பிழை. அந்த 4,000 இயல்பான எண் அல்ல. குறைப்பை அறிவித்ததாலேயே விற்பனை அந்த அளவுக்கு வறண்டது. வாங்க நினைத்தவர்கள் இரண்டு வாரம் பொறுத்திருந்து ஒரே நாளில் கடைக்கு வந்தார்கள். முதல் வாரப் பாய்ச்சலில் ஒரு பகுதி, அதற்கு முந்தைய வாரங்களிலிருந்து கடன் வாங்கிய விற்பனை.

பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1972-ல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இதன் அடிப்படை இருக்கிறது. நீண்ட நாள் உழைக்கும் பொருளைத் தனியொரு நிறுவனம் விற்கும்போது, அதற்குப் போட்டியாக நிற்பது அந்த நிறுவனமே நாளை வைக்கப்போகும் விலைதான் என்றார் அவர். வாங்குபவர் முட்டாள் அல்லர். நாளை குறையும் என்று தெரிந்தால் இன்று வாங்கமாட்டார். ஆகவே ஒரு நிறுவனம் அடிக்கடி விலையைக் குறைத்தால், காத்திருக்கக் கற்றுக்கொள்ளும் வாடிக்கையாளர்களைத் தானே உருவாக்கிவிடுகிறது. முதல் வாடிக்கையாளர்களுக்கு இருபது கேம்களை நின்டெண்டோ கொடுத்தது வெறும் நல்லெண்ணம் அல்ல என்பது என் கருத்து. அடுத்த கன்சோலை முதல் நாளே வாங்க ஆள் வேண்டுமே! மைக்ரோசாஃப்ட் இதை முன்பே செய்திருக்கிறது. 2002 மார்ச்சில் ஐரோப்பாவில் வெளியான எக்ஸ்பாக்ஸின் விலையை ஆறே வாரத்தில் பிரிட்டனில் 299 பவுண்டிலிருந்து 199 பவுண்டாக இறக்கியபோது, முதலில் வாங்கியவர்களுக்கு இரண்டு கேம்களும் ஒரு கன்ட்ரோலரும் தந்தது.

3டிஎஸ் கதை ஆகஸ்டோடு முடியவில்லை. நவம்பரில் சூப்பர் மாரியோ 3டி லேண்ட், டிசம்பரில் மாரியோ கார்ட் 7, ஜப்பானில் அதே டிசம்பரில் மான்ஸ்டர் ஹண்டரின் புதிய பதிப்பு என்று வரிசையாக வந்தன. வெளியான ஓராண்டுக்குள் ஜப்பானில் மட்டும் 50 லட்சம் 3டிஎஸ் விற்றுவிட்டது. விற்பனை நின்ற நாள் வரை உலகம் முழுவதும் சுமார் 7.6 கோடி. காப்பாற்றியது விலையா, கேம்களா? இரண்டும் சில மாத இடைவெளியில் வந்ததால் புள்ளிவிவரம் பிரித்துச் சொல்லாது. ஆனால் வரிசைமுறை ஒன்றைச் சொல்கிறது. மாரியோ வரப்போகிறது என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியும். விலை அவர்கள் கைக்கு எட்டியபோது, காத்திருப்பதற்கு இருந்த காரணம் போய்விட்டது.

இதற்கு நின்டெண்டோ கொடுத்த விலையும் சிறிதல்ல. புதிய விலையில் ஒவ்வொரு கருவியும் அடக்க விலைக்குக் கீழே விற்றது. யென் மதிப்பு ஏறியிருந்ததும் சேர்ந்துகொள்ள, 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அந்த நிறுவனம் 4,320 கோடி யென் நிகர இழப்பைக் காட்டியது.

அடக்க விலைக்குக் கீழே விற்பதா என்று வணிகக் குடும்பத்திலிருந்து வந்த மாணவர்கள் திகைக்கலாம். நம் ஜவுளிக் கடைகளின் ஆடித் தள்ளுபடியோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்போம். தள்ளுபடியில் ஒரு சேலையை விற்றால் கடைக்காரரின் கணக்கு அந்த பில்லோடு முடிகிறது. கன்சோல் விற்பவரின் கணக்கு அந்த பில்லில்தான் தொடங்குகிறது. வாங்கியவர் அதன்பின் கேம்களாக வாங்கிக்கொண்டே இருப்பார். அந்த கேமை வேறொரு நிறுவனம் உருவாக்கியிருந்தாலும், ஒவ்வொரு பிரதியிலும் கன்சோல் நிறுவனத்துக்கு உரிமத்தொகை உண்டு. கருவியில் இழந்ததை கேமில் எடுப்பது இந்தத் தொழிலின் வழக்கம். 2021-ல் எபிக் என்ற கேம் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் சாட்சி சொன்ன மைக்ரோசாஃப்ட் அதிகாரி, எக்ஸ்பாக்ஸ் கருவி விற்பனையில் நிறுவனம் ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்று கலிஃபோர்னிய நீதிமன்றத்தில் பதிவு செய்தார்.

இந்தக் கணக்கு இல்லாமல் களத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 3டிஓ ஓர் உதாரணம். ட்ரிப் ஹாக்கின்ஸ் உருவாக்கிய அந்த நிறுவனம் கருவியைத் தானே செய்யாமல், பானசோனிக், கோல்ட்ஸ்டார் போன்ற நிறுவனங்களுக்கு வடிவமைப்பை உரிமம் கொடுத்தது. கேம் உரிமத்தொகை 3டிஓ நிறுவனத்துக்குப் போயிற்று. கருவி செய்தவர்களுக்குக் கருவியில் மட்டுமே லாபம் பார்க்க வழி. ஆகவே 1993-ல் அமெரிக்காவில் விலை 699 டாலர்! பிறகு இறக்கினார்கள், ஆனால் நட்டத்துக்கு விற்க எந்த உற்பத்தியாளருக்கும் காரணம் இல்லை. அதற்குள் சோனியும் சேகாவும் வந்துவிட்டன.

விலை இறங்குவதற்கு இன்னொரு தேவை, செலவு இறங்குவது. கன்சோலின் பெரும் செலவு சிப்களில். சிப் செய்யும் நுட்பம் முன்னேற முன்னேற அதே சிப்பைச் சிறிதாகச் செய்யலாம். ஒரே சிலிக்கன் தகட்டில் அதிகம் வெட்டலாம். இதைச் சோனி அளவுக்குப் பொறுமையாகச் செய்தவர்கள் இல்லை. 2000-ம் ஆண்டு பிளேஸ்டேஷன் 2 வந்தபோது மையச் சிப்பும் வரைகலைச் சிப்பும் தனித்தனி. நான்கைந்து ஆண்டுகளில் இரண்டையும் 90 நானோமீட்டர் நுட்பத்தில் ஒரே சிப்பாக்கினார்கள். அமெரிக்காவில் 299 டாலரில் தொடங்கிய விலை 2002-ல் 199, 2003-ல் 179, 2004-ல் 149, 2006-ல் 129, 2009-ல் 99 என்று படிப்படியாக இறங்கியது. அடுத்த தலைமுறை பிளேஸ்டேஷன் 3 வந்து இரண்டரை ஆண்டு கழித்தும் 99 டாலருக்கு பிளேஸ்டேஷன் 2 விற்றுக்கொண்டிருந்தது. உற்பத்தி நின்றது 2013 தொடக்கத்தில். விற்றவை 15 கோடிக்கும் மேல்.

சேகா நிறுவனத்தின் சாட்டர்ன் கன்சோலால் இது முடியவில்லை. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில் சேகா, சாட்டர்னை 399 டாலருக்கு அன்றே கடைகளில் கிடைக்கும் என்று அறிவித்தது. அதே நாளில் சோனி அதிகாரி ஸ்டீவ் ரேஸ் மேடையேறி, பிளேஸ்டேஷனின் விலையாக 299 என்ற ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கினார். அக்டோபரில் சேகா 299-க்கு இறங்கியது. 1996-ல் சோனி 199-க்கு வந்தது, சேகாவும் வந்தது. 1997-ல் சோனி 149, சேகாவும் 149. எண்கள் ஒன்றாகவே இருந்தன, விற்பனை ஒன்றாக இல்லை. சாட்டர்னுக்குள் இரண்டு மையச் சிப்களும் அவற்றுக்குத் துணையாகப் பல சிப்களும் இருந்தன. அவற்றைச் சேர்த்துச் சுருக்கிச் செலவைக் குறைப்பது கடினம். ஒவ்வொரு குறைப்பும் சோனிக்குச் சந்தையைப் பெரிதாக்கியது. சேகாவுக்கு இழப்பைப் பெரிதாக்கியது. வாங்குபவர்களும் இதை உணர்ந்தார்கள். போட்டியாளரைப் பார்த்துக் குறைக்கும் நிறுவனத்தின் விலைச்சீட்டில் பதற்றம் தெரியும். இந்தக் கருவிக்கு அடுத்த ஆண்டு கேம் வருமா என்ற ஐயம் எழும். அந்த ஐயத்தைப் போக்க எந்தத் தள்ளுபடியாலும் முடியாது. பிறகு வந்த ட்ரீம்காஸ்ட் நல்ல கருவி. 2001 ஜனவரி இறுதியில் அதையும் நிறுத்துவதாகச் சேகா அறிவித்து, கையிருப்பைத் தீர்க்க 99 டாலராக இறக்கியது. விற்றுத் தீர்ந்தது உண்மை. அது வளர்ச்சி அல்ல, கணக்கை முடிப்பது. சேகா அதன்பின் கன்சோல் செய்யவில்லை.

இதே சேகா பத்தாண்டுகளுக்கு முன் சரியாகச் செய்த ஒன்றையும் சொல்லவேண்டும். 1991-ல் அமெரிக்கக் கிளைக்குத் தலைமையேற்றிருந்த டாம் கலின்ஸ்கி, ஜெனிசிஸ் கன்சோலின் விலையை 189-லிருந்து 149 டாலராக இறக்கி, கூடவே சோனிக் என்ற புத்தம்புதிய கேமைச் சேர்த்துக் கொடுத்தார். நின்டெண்டோவின் புதிய கன்சோல் 199 டாலருக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. நீல நிற முள்ளெலியான சோனிக் ஓடுவதைக் கடையில் பார்த்த சிறுவர்களுக்கு அது வேண்டும் என்று தோன்றியது. பெற்றோருக்கு 50 டாலர் மிச்சம் தெரிந்தது. அமெரிக்காவில் நின்டெண்டோவோடு சரிசமமாக மோதும் நிறுவனமாகச் சேகா உயர்ந்தது. விருப்பமும் விலையும் ஒரே நாளில் ஒரே பெட்டிக்குள் வந்ததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மூன்று நிறுவனங்களும் ஒரே சமயத்தில் குறைத்தால் என்ன ஆகும்? 2002 மே மாதம் அது நடந்தது. சோனி 199-க்கு இறங்கியது. மறுநாளே எக்ஸ்பாக்ஸும் 199. அடுத்த வாரம் நின்டெண்டோவின் கேம்கியூப் 149. சந்தை பெரிதாயிற்று, வரிசை மாறவில்லை. கேம்கியூப் 2003-ல் 99 டாலருக்கே வந்தது. அந்தப் பண்டிகைக் காலத்தில் நன்றாகவும் விற்றது. ஆனாலும் மொத்தம் 2.17 கோடியில் நின்றுவிட்டது.

நின்டெண்டோவின் வீ யூ இன்னும் துயரமான கதை. 2013 செப்டம்பரில் 50 டாலர் குறைத்தார்கள். நவம்பரில் புதிய மாரியோவும் வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் 3டிஎஸ்ஸுக்குச் செய்த அதே மருத்துவம். பலன் கிடைக்கவில்லை. இது புதிய கன்சோலா, அதற்கு முந்தைய வீ கன்சோலோடு சேர்க்கும் துணைக்கருவியா என்பதே பலருக்குப் புரியவில்லை. வெளி நிறுவனங்கள் கேம் செய்வதை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தன. 1.36 கோடிக்குமேல் விற்கவில்லை. விலை குறையட்டும் என்று காத்திருந்தவர்களே அங்கு இல்லை.

பிளேஸ்டேஷன் 3-க்கு இருந்தார்கள், ஏராளமாக. 2006-ல் அமெரிக்காவில் 499, 599 டாலர் என்று இரண்டு விலைகளில் வந்த அந்தக் கருவியை உலகமே விலையைச் சொல்லித்தான் விமர்சித்தது. 599 டாலருக்கு விற்றதைச் செய்ய 840 டாலர் ஆகிறது என்று ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் பிரித்துப் பார்த்துக் கணக்கிட்டது. மூன்று ஆண்டுகள் சிப்பைச் சுருக்கி, உடலை மெலிதாக்கி, 2009 செப்டம்பரில் 299 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். முந்தைய மாதம் அமெரிக்காவில் 2.1 லட்சம் விற்ற கருவி அந்த மாதம் 4.9 லட்சம் விற்று, முதல்முறையாக வீயை முந்தியது. முந்தைய தலைமுறையில் பிளேஸ்டேஷன் 2 வைத்திருந்தவர்கள், ப்ளூ-ரே படம் பார்க்க நினைத்தவர்கள், அடுத்த மாதம் வரவிருந்த அன்சார்டட் 2-க்காக ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் 300 டாலர் என்ற கோட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். இறுதிக் கணக்கில் 8.7 கோடிக்கும் மேல் விற்றது. 599 டாலரில் ஏளனத்துக்கு ஆளான கருவிக்கு இது மறுவாழ்வு.

நண்பர்களே, இதுவரை சொன்னதெல்லாம் பழைய கதை ஆகிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தத் தலைப்பை இப்போது எடுத்தேன்.

2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச், அடிப்படைக் கருவியின் அமெரிக்க விலையை அதிகாரபூர்வமாக ஒருமுறைகூடக் குறைக்காமல் 15 கோடிக்கு மேல் விற்றது. விலை குறைக்காமலும் சிகரம் தொடலாம் என்று தொழில் கற்றுக்கொண்டது. பிறகு விலை ஏறத் தொடங்கியது. 2022 ஆகஸ்டில் சோனி ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் வேறு பல நாடுகளிலும் பிளேஸ்டேஷன் 5-ன் விலையை உயர்த்தியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலும். 499 டாலருக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், 2025 மே மாதம் 599, அக்டோபரில் 649. எட்டு வயதான பழைய ஸ்விட்ச்கூட 299-லிருந்து 339-க்கு ஏறியது. பணவீக்கம், இறக்குமதி வரி, நாணய மதிப்பு எல்லாம் காரணம்தான். ஆழமான காரணம், சிப்பைச் சுருக்கினால் செலவு குறையும் என்ற பழைய கணக்கு இப்போது பலிப்பதில்லை என்பது. புதிய நுட்பத்தில் தகட்டின் விலையே ஏறிவிடுகிறது.

இதனால் இழப்பு யாருக்கு? முதல் நாளே வாங்குபவருக்கு இல்லை. அவர் எந்த விலையிலும் வாங்குவார். இழப்பவர்கள் கன்சோலின் வாழ்நாளில் பிற்பாதியில் வந்தவர்கள்: வருமானம் குறைந்த குடும்பங்கள், தம்பி தங்கையோடு ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்ளும் பிள்ளைகள், நம் நாட்டைப் போன்ற சந்தைகள். பிளேஸ்டேஷன் 2 மலிவாகி, ஒன்பது வயதான பிறகுதான் 2009-ல் ஐதராபாத்தில் உருவான அனுமான் என்ற கேம் அதில் இந்தியாவில் வெளியானது. பணக்கார நாடுகள் கடந்துபோன கருவி இங்கே அப்போதுதான் வீட்டுப் பொருளாகிக்கொண்டிருந்தது. பங்குதாரர் அறிக்கையில் இவர்கள் கடைசி வரிசை. தலையெண்ணிக்கையில் இவர்களே பெரும்பகுதி. பிளேஸ்டேஷன் 2-ன் 15 கோடி என்ற எண்ணை 299 டாலர் மட்டும் எட்டியிருக்காது.

பிளேஸ்டேஷன் 2-க்கு ஐந்து வயதானபோது அமெரிக்காவில் அதன் விலை தொடக்க விலையில் பாதி. பிளேஸ்டேஷன் 5-க்கு ஐந்து வயதானபோது அதன் விலை தொடக்கத்தைவிட 50 டாலர் அதிகம்.

புதுக் கருவி கைக்கெட்டாதபோது மக்கள் எங்கே போகிறார்கள் என்பதை நம் ஊர்ச் சந்தையில் யாராவது ஆராயவேண்டும். இங்கே இருக்கும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். சென்னை ரிச்சி தெருவில் பழைய கன்சோல்கள் கைமாறும் விலையை மாதந்தோறும் சென்று எழுதிவாருங்கள். எந்தக் கருவி, எத்தனை ஆண்டுப் பழையது, வாங்கியவர் எவ்வளவு நாள் காத்திருந்தார் என்று கேட்டுக் குறியுங்கள். இரண்டு ஆண்டு விவரம் சேர்ந்தால் அதில் ஒரு நல்ல முனைவர் பட்ட ஆய்வு இருக்கிறது. அதற்கு வழிகாட்ட நான் அணியமாக இருக்கிறேன்.